டைம்கீப்பர் வீட்டுக்கு விளக்கு போட்ட கதை

பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை என்பது வாயைத் திறந்து பேசுகிற வேலை இல்லை. கம்பிவலை போட்ட ஒரு சின்ன அறை, ஒரு மைக், எதிரே ஒரு கடிகாரம். உள்ளே வருகிற வண்டிக்கு ஒரு வார்த்தை, வெளியே போகிற வண்டிக்கு ஒரு வார்த்தை. "எடு." "நிறுத்து." "லேட்டு." இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தன் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டிவிட்டார் என்றால் நம்புவீர்களா? ஓட்டினார். அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அதே மூன்று வார்த்தைகளை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். பேச மாட்டார், அவ்வளவுதான். தேவை இருந்தால் பேசுவார், இல்லாவிட்டால் எதற்கு என்று இருந்துவிடுவார். வீடு வாங்கிய விஷயத்தையே சாவி கைக்கு வந்த பிறகுதான் வீட்டம்மாவிடம் சொன்னார். "வீடு வாங்கியாச்சு. ஒண்ணாந்தேதி போறோம்." முடிந்தது.

வீட்டம்மாவோ வாய் ஓயாத மனுஷி. தப்பான நம்பர் என்று யாராவது கூப்பிட்டால்கூட ஊர், பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போனை வைப்பார். அப்படிப்பட்டவர் இந்தக் கல்லுளிமங்கனோடு எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று கேட்டால், நடத்தினார், வேறென்ன? மகள் இருந்தவரை மகளோடு பேசினார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு மிக்ஸியோடும் கதவோடும் பேசினார்.

பிறகு மகளுக்குப் பிள்ளை பிறந்தது. "மூணு மாசம் இருந்துட்டு வந்துடுறேன்" என்று வீட்டம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் முடியும்போது குழந்தைக்குச் சளி. சளி போனதும் பல் முளைத்தது. பல் முளைத்ததும் நடக்க ஆரம்பித்தது. நடந்து நடந்து அது பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது, பாட்டி இன்னும் திரும்பி வந்தபாடில்லை. ஒரு சண்டை கிடையாது, ஒரு கடுஞ்சொல் கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு போனவளாயிருந்தால் சமாதானம் பேச நாலு பேர் வருவார்கள். சண்டையே போடாமல் போன பெண்டாட்டியை யார் போய்க் கூட்டிக்கொண்டு வருவது?

மச்சினன் மட்டும் எப்போதாவது போன் செய்து நோண்டுவான். "அக்கா இன்னும் வரலையா மாமா?"

"பிள்ளையைப் பாத்துக்கணும்ல."

"அதான் ஸ்கூலுக்குப் போகுதே மாமா?"

"ஸ்கூலுக்கு யாராவது கொண்டுபோய் விடணும்ல."

சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வைத்த பிறகு அந்தப் பதிலை அவரே ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். நம்பும்படியாகத்தான் இருந்தது.

அந்த வீடு தரைத்தளத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கிடந்தது. பகலிலேயே விளக்கு வேண்டும். வீட்டம்மா இருந்தபோது "இது வீடா, குகையா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். அவர் போன பிறகு ட்யூப்லைட்டுகளும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. முதலில் சமையலறையில் போனது. டைம்கீப்பர் ஹால் வெளிச்சத்தில் கதவருகே நின்று காய் நறுக்கினார். பிறகு ஹாலில் போனது. நாற்காலியைப் படுக்கையறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ட்யூப் வாங்கி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் யாருக்காக மாட்டுவது என்று ஒரு அசமந்தம் மனுஷனைப் பிடித்துவிட்டது. வெளிச்சம் போன இடத்தையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு ட்யூப்புக்குக் கீழே தட்டையும் பேப்பரையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மேல்வீட்டுக்கு வரவேண்டிய பார்சல் ஒன்று இவர் வீட்டுக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுக்கப் போனார். கதவு திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கூரைக்குள்ளேயே பதித்த வட்ட வட்ட விளக்குகள். ட்யூப்பும் இல்லை, பல்பும் தொங்கவில்லை, கூரையே வெளிச்சம் போடுவதுபோல இருந்தது. அதற்குக் கீழே அந்த வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், மாமியார் சோபாவில் கால் நீட்டியிருந்தார், ஒரு பெண் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மேல்வீட்டம்மா பார்சலை வாங்கிக்கொண்டே, "இந்த லைட்டைப் போட்டாலும் போட்டோம், ஒருத்தரும் ஹாலை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாங்க சார்" என்று அலுத்துக்கொண்டார்.

அந்தம்மா பேச்சுவாக்கில் சொன்னார். டைம்கீப்பர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். படி இறங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டார். குகை என்றுதானே சொன்னாள்? குகையில் எவள் வந்து இருப்பாள்? வெளிச்சம் போட்டால் வருவாள். பெண்டாட்டி வராததற்கு ட்யூப்லைட்தான் காரணம் என்று ஒரு மனுஷன் முடிவு கட்டினால் அவரை என்னவென்று சொல்வது? நீங்கள் சிரிக்கலாம். வருஷக்கணக்கில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துப் பாருங்கள், அப்போது தெரியும். நம்புவதற்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று இருக்கும்.

மேல்வீட்டில் வேலை செய்த எலக்ட்ரீஷியனையே வரவழைத்தார். நாற்பது வயசு ஆள், தலையில் துண்டு, காதில் பென்சில். கூரையைத் தட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டைம்கீப்பருக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் மேல்வீட்டுக் குழாய்களை மறைக்கப் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். "பலகை கல்லு மாதிரி இருக்கு சார். ஓட்டை போட்டு, வயர் இழுத்து, மாட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். பிறகு பையிலிருந்து மூன்று மாதிரி விளக்குகளை எடுத்து, நீள வயரில் சொருகி, ஸ்டூல் மேல் ஏறிக் கூரையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

"இது மஞ்சள், இது வெள்ளை, இது ரெண்டுக்கும் நடு. எது சார்?"

"எதையாவது போடுங்க."

"அய்யோ, ஆளை விடுங்க சார். நான் எதையாவது மாட்டுவேன், சாயங்காலம் அம்மா வந்து பாத்துட்டு என்னைப் பிடிச்சு ஏறுவாங்க. எத்தனை வீட்டுல கழட்டி மாட்டியிருக்கேன் தெரியுமா? அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க."

வீட்டம்மா வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றார். அன்று சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதுவரை மகள்தான் கூப்பிடுவாள். "அம்மா பக்கத்துல இருக்காங்க" என்பாள். "எப்படி இருக்கீங்க?" "இருக்கேன்." "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. இவராகக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட ஒரு காரணம் வேண்டாமா? இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

வீட்டம்மா எடுத்ததும் பதறினார். "என்னங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு லைட் போடுறேன். சீலிங்குக்குள்ள பதிக்கிற லைட். மஞ்சளா, வெள்ளையா, நடுவா?"

அந்தப் பக்கம் மூச்சையே காணோம்.

"இருக்கியா?"

"இருக்கேன். என்கிட்டயா கேக்குறீங்க?"

"ஆமா."

"நெஜமாவா?"

சுவருக்கு வண்ணம் அடித்தபோது கேட்கவில்லை. அலமாரி செய்தபோது கேட்கவில்லை. இப்போது எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவரைக் கூப்பிட்டு விளக்கின் நிறம் கேட்டால் அந்தம்மா என்னதான் செய்வார்? ஆனால் மலைப்பு தீர்ந்ததும் ஆரம்பித்துவிட்டார் பாருங்கள். சுவர் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது, மங்கிவிட்டதா, தரை வழுவழுப்பாக இருக்கிறதா என்று குடைந்து குடைந்து கேட்டார். கடைசியில், "மஞ்சளே போடச் சொல்லுங்க. டிப்போவுல வெள்ளை லைட்டுக்குக் கீழ உக்காந்து உக்காந்துதான் உங்களுக்குத் தலைவலியே வந்துச்சு. வீட்டுலயும் அது வேணாம்" என்றார்.

டைம்கீப்பருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலைவலியைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறாளே! மறுநாள் எலக்ட்ரீஷியனிடம் "அம்மா மஞ்சள்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கேள்வி. எலக்ட்ரீஷியன் அட்டையை வட்ட வட்டமாக வெட்டி, டேப் போட்டுக் கூரையில் ஒட்டி, "இங்க ஓகேவா, இன்னும் தள்ளணுமா?" என்று கேட்பார். டைம்கீப்பர் அட்டைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்" என்பார். ஃபேன் றெக்கைக்கு நேர் மேலே விளக்கு வந்தால் வீடு முழுக்க நிழல் படபடவென்று அடிக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதை அப்படியே வீட்டம்மாவிடம் ஒப்பித்தார்.

"அதுவும் சரிதான். உங்க நாற்காலிக்கு நேர் மேலயும் வேணாம்" என்றார் வீட்டம்மா. "நீங்க சாஞ்சுக்கிட்டுத்தானே பேப்பர் படிப்பீங்க, நேரா கண்ணுல குத்தும். கொஞ்சம் பின்னாடி தள்ளி, இடது தோளுக்கு மேல விழுற மாதிரி வைக்கச் சொல்லுங்க."

"ஜன்னல் பக்கம் ஒண்ணு?"

அந்த வீட்டில் கொஞ்சமாவது பகல் வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம்தான் வீட்டம்மா எப்போதும் உட்காருவார். "அங்க எதுக்கு? அங்க பகல் வெளிச்சமே போதும்" என்றார்.

சாயங்காலத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்கத் தோன்ற வேண்டாமா இந்த மனுஷனுக்கு? தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்குக் காரணம் இருந்தது. விளக்குப் பேச்சு முடிந்ததும் போனை வைத்துவிடுவது என்கிற வழக்கம் மாறிப்போயிருந்தது. வீட்டம்மா அப்படியே பேரனுக்குப் பல் விழுந்த கதைக்குப் போவார், மாப்பிள்ளை விடுகிற குறட்டைக்குப் போவார், சாயங்காலம் பூங்காவில் தன்னோடு நடக்க வருகிற நான்கைந்து பெண்களைப் பற்றிச் சொல்வார். "ஒருநாள் நான் போகலன்னா வீட்டுக்கே தேடிட்டு வந்துடுறாளுங்க" என்று சிரிப்பார். டைம்கீப்பர் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த பேச்சு, அப்போதெல்லாம் காதில் விழுந்ததே இல்லை.

ஒருநாள் எலக்ட்ரீஷியன் ஒரு குட்டிப் பெட்டியை எடுத்துக் காட்டி, ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் இப்படி ஒன்று இருக்கும், இதற்குப் பெயர் டிரைவர் என்றார். அன்று சாயங்காலம் டைம்கீப்பர் போனில் சொன்னார்: "என் சர்வீஸ்லயே இவ்வளவு அமைதியான டிரைவரைப் பாத்ததில்ல. லேட்டுன்னு சொன்னாக்கூட எதுத்துப் பேச மாட்டேங்கிறான்."

வீட்டம்மா புரையேறும்வரை சிரித்தார். கணவர் சொன்ன ஜோக்குக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கணவர் ஜோக் சொன்னதே அதுதான் முதல் தடவை. வைத்த பிறகும் டைம்கீப்பருக்கு வாயெல்லாம் பல். இருட்டு ஹாலில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் போனால் எந்த வேலை முடியும்? எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிய ஆரம்பித்தார். காலையில் அவர் வந்து பையை இறக்கும்போதே டைம்கீப்பர் எதிரே வந்து நின்று, "இன்னைக்கு என்ன கேக்கணும்?" என்பார்.

"இன்னைக்குக் கேக்க ஒண்ணும் இல்ல சார். வேலை மட்டும்தான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏதாவது இருக்கும்."

சமையலறை ஒன்று பாக்கி இருந்தது. வீட்டம்மா முதலில் திருப்பிக் கேட்டார்: "இப்ப எங்க நின்னு சமைக்கிறீங்க?" இவர் இந்தக் கோடியில், பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரமாக ஒரு கரண்ட் அடுப்பு வைத்திருக்கிறேன் என்றார். "அப்ப தொட்டிக்கு மேல போடுங்க. பெரிய அடுப்புப் பக்கம் வேணாம்." படுக்கையறையில் இவர் படுக்கிற பக்கம் ஒன்று, படுத்தபடியே கை நீட்டி அணைக்க வாகாக ஒரு சுவிட்ச். மறுபக்கத் தலையணைக்கு மேல் என்ன செய்வது என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். இவர் போனில் கேட்டார். வீட்டம்மா கொஞ்சம் தயங்கினார். "அங்க வேணாங்க. அலமாரிக்கு முன்னாடி போடுங்க. கறுப்பு சட்டையா ஊதா சட்டையான்னு தெரியாம மாட்டிட்டுப் போவீங்க" என்றார். வெளிச்சம் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது, அதுதான் என்று டைம்கீப்பர் தாமாகவே பொழிப்புரை எழுதிக்கொண்டார்.

குளியலறைக்குப் போகிற வழியில் சின்னதாக ஒன்று எப்போதும் எரியட்டும் என்றார் வீட்டம்மா. "அசந்து மறந்து விழுந்து வெச்சா என்ன ஆகுறது? தனியா இருக்கிற இடத்துல..." பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு, "சரி, அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அக்கறையைப் பார், அக்கறையை, என்று இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டார். இரண்டு தலையணைக்கும் புது உறை வாங்கினார். வருகிறாயா என்று இப்போது கேட்கக் கூடாது, விளக்கெல்லாம் எரிந்த பிறகு காட்டுவோம், அவளே சொல்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஓட்டை போடுகிற நாள் வந்தது. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில் துளை போட்டு, அதன் வழியே வட்ட ரம்பத்தை நுழைத்து, கூரையோடு அழுத்திச் சுற்றினார் எலக்ட்ரீஷியன். தூளெல்லாம் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. ஒவ்வொரு ஓட்டையாக வயர் தலையை நீட்டியது. விளக்கின் இரண்டு ஸ்பிரிங்குகளையும் மடக்கிப் பிடித்து ஓட்டைக்குள் விட்டால் 'டக்'கென்று கவ்விக்கொண்டது. "விரல் மாட்டுச்சுன்னா நகம் கறுத்துடும் சார்" என்று தன் கட்டைவிரலைக் காட்டினார். டைம்கீப்பர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றார். ஒவ்வொரு 'டக்'குக்கும் மனசுக்குள் ஒரு நிறைவு, கூடவே ஒரு கவலை. எல்லாம் மாட்டி முடித்துவிட்டால் நாளைக்கு எதைக் கேட்பது?

"லைட்டைச் சுத்தி இருக்கிற இந்த ரிங்கு வெள்ளையிலயும் இருக்கு, சில்வர்லயும் இருக்கு போல?"

"சார், வெள்ளை சீலிங்குக்கு வெள்ளை ரிங்குதான் சார். பச்சைக் குழந்தைக்குத் தெரியும். இதுக்குமா அம்மா?"

"கேட்டுடுவோம்."

எலக்ட்ரீஷியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டம்மா வெள்ளை என்றார்.

வேலை முடிந்தது ஒரு சாயங்காலம். வெளியே இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை, ஆனால் அந்த வீட்டுக்குள் அந்த நேரத்துக்கே இருட்டு கட்டிவிடும். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கியது. தூசி படிந்த தரைகூட அழகாகத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் ஹாலுக்கு நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? நான் எத்தனையோ வீட்டுக்குப் போட்டுட்டேன். எல்லா வீட்டுலயும் சண்டைதான். பொண்ணுக்கு ஒரு இடம், பையனுக்கு ஒரு இடம், அம்மாவுக்கு வேற இடம். கடைசியில யாருக்கும் சரியா அமையாது. இங்கதான் பாக்குறேன், அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி ஒரே ஆளுக்குன்னு அமைஞ்சிருக்கு. உக்காந்தா, நின்னா, படுத்தா, எல்லாம் உங்க மேலதான் விழுது. அம்மா உங்களை அப்படித் தெரிஞ்சு வெச்சிருக்காங்க சார். குடுத்து வெச்சவரு நீங்க!"

மனதாரச் சொன்னார். பொய்யில்லை. டைம்கீப்பரின் முகத்தில் ஈயாடவில்லை. எலக்ட்ரீஷியன் பையைக் கட்டி, செருப்பை மாட்டி, "அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று போகிறவரை அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம். ஜன்னல் ஓரம் இருட்டு. தொட்டிக்கு மேல் வெளிச்சம், பெரிய அடுப்பு கண்ணுக்கே தெரியவில்லை. படுக்கையில் பாதி வெளிச்சத்தில் இருந்தது. மறுபாதியில் புது உறை போட்ட தலையணை மங்கலாகக் கிடந்தது. அவள் ஒரு இடத்தைக்கூடத் தனக்கென்று கேட்கவில்லை. தினமும் சிரித்துச் சிரித்துப் பேசி, இவர் விழாமல், தலைவலி வராமல், சட்டை மாறாமல் தனியாகக் காலம் தள்ள ஒரு வீட்டை அங்கிருந்தே அமைத்துக் கொடுத்திருக்கிறாள். இதைப் புரிந்துகொள்ள எலக்ட்ரீஷியன் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கூப்பிட்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் வீட்டம்மா ஆவலாக. "எப்படி இருக்கு? கண்ணு கூசலையே?"

"கூசல. எல்லாம் எனக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு."

"அப்பாடா."

"உனக்குன்னு ஒண்ணுகூடப் போடச் சொல்லலையே நீ."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வர மாட்டியா?"

"வர மாட்டேங்க."

"கோவமா?"

"கோவம் இருந்திருந்தா அப்பவே சண்டை போட்டு முடிச்சிருப்பேனே. கோவமெல்லாம் இல்ல." வீட்டம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு மாசம்னு நெனச்சுத்தான் வந்தேன், சத்தியமா. வந்த கொஞ்ச நாள்லயே தெரிஞ்சு போச்சு. இங்க நான் ஒண்ணு சொன்னா யாராவது பதில் சொல்றாங்க. அங்க வாரக்கணக்குல என் குரலை நானேதான் கேட்டுட்டு இருந்தேன். திரும்பி வந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இழுத்துட்டே இருந்தேன்."

"இப்பப் பேசுறேன்ல? தினமும் பேசினேனே?"

"பேசினீங்க. எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்துச்சு தெரியுமா? எப்படா சாயங்காலம் ஆகும்னு இருந்தேன்."

"வா. வந்தா தினமும் பேசுறேன்."

"பேச மாட்டீங்க. நான் பக்கத்துல வந்து உக்காந்துட்டா உங்களுக்குப் பேச்சு வராது. நான் தூரத்துல இருந்தாத்தான் வருது. தப்பு சொல்லலைங்க, அது அப்படித்தான்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பஸ்ஸை எடுக்கச் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டம்மா பொறுமையாகக் காத்திருந்தார். அவர் சொன்னது நிஜம் என்று இருவருக்குமே தெரிந்தது.

"சரி, நேரத்தோட சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

டைம்கீப்பர் எழுந்து ஹாலுக்குப் போனார், வந்தார், தொட்டியருகே போய் நின்றார், ஒரு டம்ளரைக் கழுவினார், கழுவியதையே இன்னொரு தடவை கழுவினார். போகிற இடமெல்லாம் அவருக்கென்று அமைத்த வெளிச்சம் மேலே விழுந்தது. அத்தனை வருஷமாக அவருக்கு வராத அழுகை அப்போது வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கூப்பிட்டார்.

"என்னங்க? இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல. கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"என்னால இங்க தனியா இருக்க முடியல" என்றார் டைம்கீப்பர். "காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கு. பேப்பரைப் படிச்சதையே திரும்பப் படிக்கிறேன். வாசல்ல யாராவது நடந்து போனா, நம்ம வீட்டுக்குத்தானோன்னு எந்திரிச்சுப் போய் நிக்கிறேன். நீ இருக்கும்போது உன்கூட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசல. இருக்குற ஆளுகிட்ட என்ன பேசுறதுன்னு விட்டுட்டேன்."

மூச்சு வாங்கியது அவருக்கு. வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"ம்" என்றார் வீட்டம்மா. "சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

சொன்னார். சட்டையில் பொத்தான் அறுந்து கிடப்பதைச் சொன்னார். மச்சினனிடம் சொல்கிற பொய்யைச் சொன்னார். வெறும் வீட்டில் யாருக்கும் தேவையில்லாமல் "எடு", "நிறுத்து" என்று சில நேரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதைக்கூடச் சொல்லிவிட்டார். பேரன் வந்து பாட்டியின் கையைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்கும் கூப்பிடுங்க" என்றார் வீட்டம்மா.

"நீ வர மாட்ட?"

"வர மாட்டேன். கூப்பிடுங்க."

"சரி" என்றார் டைம்கீப்பர்.